மகள் போடச் சொன்ன ஆன்டெனா

தன் வயிற்றில் கட்டி இருப்பதை, மகளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை அவளிடம் சொல்லக் கூடாது என்று மனைவி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மகள் சிங்கப்பூரில் இருந்தாள். எட்டாம் மாதம். விமானம் ஏற விடமாட்டார்கள். தெரிந்தால் அங்கே தனியாக அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்வாள் என்பதுதான் மனைவியின் பயம்.

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே அடுக்குமாடி எழும்பியதிலிருந்து சிக்னல் கிடையாது. வீடியோவில் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். "டவர் இல்லம்மா, குரல் மட்டும் கேக்குது" என்பாள் மனைவி. அவளுக்கு அது நிம்மதி. ஒட்டிப்போன கன்னம் அந்தப் பக்கம் தெரியாது.

மகளுக்குப் பொறுக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் போனிலேயே பேசி அனுப்பிவிட்டாள். அவர் இரண்டு ஆன்டெனாக்களுடன் வாசலில் நின்றார்.

"அண்ணா, இந்த ரவுண்டு நாலு பக்கமும் இழுக்கும், ஆனா வீக்கு. இந்தப் பட்டை ஒரே டவரைத்தான் பாக்கும், கப்புனு புடிச்சிக்கும். எது போடட்டும்?"

உள்ளேயிருந்து மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள். வந்த மனிதரைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

"ரவுண்டே போதுங்க."

"இன்னாண்ணா நீ! பொண்ணு அவ்ளோ தூரத்துலருந்து கெஞ்சுது, நீ வீக்கானதைக் கேக்கற!" என்று சிரித்துக்கொண்டே பட்டையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். இரும்புக் குழாயில் மாட்டி, ஒயரைக் கீழே இறக்கி, சிம் கார்டு போட்ட எங்கள் வைஃபை பெட்டியில் சொருகினார். மறுபடி மேலே ஏறிப் பெருங்களத்தூர் பக்கமாக அதைத் திருப்பினார்.

"பெட்டில பச்சை லைட்டு எத்தினி எரியுது?"

மூன்றும் எரிந்தன. "ஒண்ணுதாங்க" என்றேன்.

"பொய் சொல்லாதண்ணா, என் போன்லயே ஃபுல்லா கீது!"

இறங்கி வந்தவர் என் போனை வாங்கித் தானே மகளைக் கூப்பிட்டு, "பாருங்கக்கா, கண்ணாடி மாதிரி கீது" என்று போனை மனைவியின் முன் பிடித்தார்.

மகளின் மூக்குத்திகூடத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றது. படம்தான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அப்போது அவள் கண் இமைத்தாள்.

"அம்மா... ஏம்மா இப்படி ஆயிட்டே?"

எலக்ட்ரீஷியன் போனை என் கையில் கொடுத்துவிட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார்.

அதன்பிறகு மகள் போனை அணைக்க விடவில்லை. கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைக்கச் சொல்லி, அங்கே துணி மடித்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் அம்மாவையே பார்த்திருப்பாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லடி. நீ சாப்ட்டியா?"

மதியத்தில் சில நாள் கரண்ட் போகும். வைஃபை பெட்டி அணைந்து படம் நின்றுவிடும். அப்போதுதான் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முனகுவாள். பல்லைக் கடித்து அடக்கி வைத்த வலியெல்லாம் அந்த நேரத்தில் வெளியே வரும். மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

"கூப்பிடுவா. என்னைக் கொஞ்சம் நிமித்தி உக்கார வைங்க."