எஸ்.பி. அம்மாவுக்குச் சன்மானம்

அரசின் முன் அனுமதி இல்லாமல், மாவட்டப் போலீஸ் தலைமை அதிகாரி எவரும் தமக்காக நடத்தப்படும் பாராட்டுக் கூட்டத்திலோ விருந்திலோ கலந்துகொள்ளக் கூடாது. புகழுரை, நற்சான்று எதையும் ஏற்கக் கூடாது. நடத்தை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. விதியின் எண்ணையும் என்னால் சொல்ல முடியும். எண்ணைச் சொன்னால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவது வழக்கம் என்பதால் இங்கே தவிர்க்கிறேன்.

நான் போலீஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். லத்தி பிடித்ததில்லை, பேனா பிடித்தேன். அலுவலகச் சூப்பிரண்டாக ஓய்வு பெற்று இப்போது திருப்பதியில் இருக்கிறேன். வருஷா வருஷம் எங்கள் தலைமை அதிகாரிகளுக்குப் பதக்கம் கேட்டுப் பரிந்துரை எழுதியது நான்தான். பங்களாவை விட்டு வெளியே வராதவருக்கு 'அமைதியான தலைமை' என்று போடுவேன். எல்லோர் மேலும் எரிந்து விழுபவருக்கு 'உறுதியான தலைமை'. வந்த வேகத்தில் மாற்றலானவருக்கு 'துடிப்பான தலைமை'. நடுவில் உள்ள பத்தி எல்லோருக்கும் ஒன்றே. உண்மையிலேயே நல்லவர்களும் அவர்களில் உண்டு. பாவம், அவர்களுக்கும் அதே பத்திதான் கிடைத்தது.

ஓய்வுக்குப் பிறகுதான் ஒரு எஸ்.பி.யை வேலை செய்யும் இடத்தில் பார்த்தேன். நகரியில் உறவுக்காரர் கல்யாணத்துக்காக வேனில் போய்க்கொண்டிருந்தோம். புத்தூர் தாண்டி, நகரிக்குச் சற்று முன்னால், மதியச் சாப்பாட்டு வேளை முடிந்த வெயிலில், போலீஸ்காரர் கை காட்டி வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். எங்கள் டிரைவர் முந்தின ராத்திரி முழுக்க மலைக்கு யாத்ரீகர்களை ஏற்றி இறக்கியவர். இறங்கி, லைசென்ஸை நீட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"எவ்ளோ சார்?"

"மொகம் கழுவு."

"அதுக்கு எவ்ளோ சார்?"

புளியமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒரு பெண் அதிகாரி எழுந்து வந்தார். மாவட்ட எஸ்.பி. "ஏமய்யா, நித்ர வஸ்துந்தா?" என்று கேட்டார். தூக்கம் வருகிறதா என்ற அந்தக் கேள்விக்கு "லேது மேடம்" என்று சொல்ல வாய் திறந்த டிரைவர், பாதியில் கொட்டாவி விட்டார். எஸ்.பி. சிரிக்கவில்லை. அவரை மரத்தடியில் வைத்திருந்த தண்ணீர் டிரம் பக்கம் அனுப்பினார். அங்கே டீக்கடை வைத்திருந்த அம்மாள் அவர் தலையில் ஒரு செம்பு தண்ணீரைக் கவிழ்த்தார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பத்துப் பேர் பின்னால் இன்னொரு வேனில் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய டிரைவருக்கும் அதே அபிஷேகம்.

டீ குடிக்கும்போது அந்தம்மாள் கதையைச் சொன்னார். அவருடைய வீட்டுக்காரரும் வேன் டிரைவர். திருமலையிலிருந்து திரும்பும்போது அதே இடத்தில் கண் அசந்து, சிறுபாலத்தில் மோதிக் கால் உடைந்தது. "ஆஸ்பத்திரிக்கு இந்தம்மா வந்துச்சு சார். கேஸ் எழுத வந்துகீதுன்னு நெனச்சேன். எப்ப துன்னாரு, எப்பத் தூங்கினாரு, இத்தயே கேட்டுக்கினு இருந்துச்சு. அடுத்த வாரம் பாத்தா இங்க டிரம் வச்சிட்டாங்க."

அதன்பின் அந்தச் சிறுபாலத்தில் யாரும் மோதவில்லை என்றார். வெயில் காலம் முழுக்க வாரத்தில் ஒரு நாளாவது எஸ்.பி. அங்கே வந்து உட்காருவாராம். முதல் நாள் தன்னுடைய டிரைவரைத்தான் முதலில் முகம் கழுவ வைத்தாராம். இதையெல்லாம் என் பழைய பத்தியில் எந்த வரியில் சேர்ப்பது என்று யோசித்துப் பார்த்தேன். இடமில்லை.

ஆனி மாதத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. டீக்கடை அம்மாள் நகரியில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரிடம் போய், "அவங்க கெளம்பறதுக்குள்ள என் கையால ஒரு சால்வை போத்தணும் நைனா" என்று கேட்டிருக்கிறார். தலைவர் விசைத்தறி வைத்திருப்பவர். எதற்கும் ஃப்ளெக்ஸ் அடிப்பவர். அவர் எனக்குப் போன் செய்தார். நான் விதியைச் சொன்னேன். அரசுக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதி, பதிவுத் தபாலில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றும் அனுப்பினேன். எஸ்.பி. கிளம்புவதற்குள் பதில் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே விதியில் ஒரு விலக்கு உண்டு. மாற்றலாகிப் போகும் அதிகாரிக்குத் தெரிந்தவர்கள் நாலு பேர் வீட்டோடு வீடாக வழியனுப்பு வைத்தால் அனுமதி தேவையில்லை.

"அப்படின்னா மரத்தடியில டீ குடுத்து அனுப்பலாம். சத்தம் கூடாது தலைவரே" என்றேன்.

"அதான் சார், சத்தமே இல்ல. ஃப்ளெக்ஸ் மட்டும் கட்டிகீறோம்."

நகரி பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்தார்கள். 'எஸ்.பி. மேடம் செய்த உதவிக்கு எங்கள் சங்கத்தின் மாபெரும் சன்மானம். அனைவரும் வருக!'

அனைவரும் வருக என்றதுமே விலக்கு போய்விட்டது. அதைவிட மோசம் அந்தச் சன்மானம். தெலுங்கில் சன்மானம் என்றால் மேடையில் உட்கார வைத்து, மாலை போட்டு, சால்வை போர்த்துவது. நாங்கள் தமிழ் பேசும்போதும் பிறந்ததிலிருந்து அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறோம். எல்லை தாண்டித் திருத்தணிக்குப் போனால் அதே சொல் கையில் கொடுக்கும் பணம். அங்கிருந்து பஸ்ஸில் வந்த யாரோ ஒருவர் ஃப்ளெக்ஸைப் படம் எடுத்து, 'இங்கே போலீசுக்கு போர்டு வைத்தே கொடுக்கிறார்கள்' என்று எழுதிப் போட்டுவிட்டார். மாலைக்குள் அந்தப் படம் என் போனுக்கே நாலு திசையிலிருந்து வந்தது.

தலைவரிடம் என் எண்ணை வாங்கி எஸ்.பி.யே போனில் கூப்பிட்டார். "சார், மீரு ரூல்ஸ் தெரிஞ்சவர். இப்ப நான் வந்தா பாகுண்டது."

நன்றாக இருக்காது என்பது எனக்கும் தெரிந்ததுதான். சரி மேடம் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் தலைவரும் நானும் டீக்கடைக்குப் போனோம். செய்தியைச் சொல்லும் வேலையைத் தலைவர் என்னிடம் விட்டுவிட்டு, டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"சால்வை போத்தறதுக்குக் கூட ரூலு கீதா சார்?" என்று கேட்டார் அந்தம்மாள்.

"இருக்கும்மா."

"அத்த எழுதினவருக்கு யாரும் போத்தலியோ இன்னா."

அந்தம்மாள் டிரம் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் வூட்டுக்காரரு நடந்துக்கினு கீறாருன்னா அந்தம்மாவாலதான். சும்மா போவச் சொல்லிட்டு நான் எப்படிக் கடைய நடத்தறது?" என்று செம்பை டிரம்முக்குள் முக்கினார்.

திரும்பும் வழியெல்லாம் விதியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன். 'தமக்காக நடத்தப்படும்' என்ற இரண்டு சொல்லில் வந்து நின்றேன். வேறொருவருக்காக நடத்தப்படும் கூட்டத்துக்கு ஓர் எஸ்.பி. போகலாம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போய்ப் பரிசு கொடுக்கிறார்களே, அதுபோல.

"தலைவரே, டீக்கடை அம்மாவுக்குத்தான் பாராட்டு. எஸ்.பி. விருந்தாளி."

"அப்ப ஃப்ளெக்ஸ்?"

"மேலே காகிதம் ஒட்டுங்க. சன்மானத்தையும் மறைச்சிடுங்க."

"மாபெரும் மட்டும் இருக்கட்டும் சார். நல்லா வந்துகீது."

அந்தம்மாள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கா? நான் இன்னா பண்ணேன், தண்ணி மொண்டு ஊத்தினேன்." எஸ்.பி. வருவார் என்ற பிறகுதான் சரி என்றார்.

எஸ்.பி. புது ஊருக்குக் கிளம்பும் வழியில், அதே மதிய வெயிலில் மரத்தடிக்கு வந்தார். வெயிலோடு மைக்கும் சதி செய்தது. அந்தம்மாளுக்குச் சால்வை போர்த்தினார். தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடித்து, "பணம் வாங்கத்தான் போலீஸ் நிறுத்துதுன்னு எல்லாரும் பயந்தப்ப, இந்த அக்கா நின்னதாலதான் டிரைவர்ங்க நம்பினாங்க" என்றார். பரிந்துரைகள் எழுதிய காலத்தில், புகழைப் பக்கத்தில் நிற்பவருக்குத் தள்ளிவிட்ட அதிகாரியை நான் பார்த்ததில்லை. கைதட்டினேன். அதற்கு அனுமதி தேவையில்லை.

கூட்டம் முடிந்து எஸ்.பி. காரை நோக்கி நடந்தார். அந்தம்மாள் குறுக்கே வந்து கையைக் காட்டினார். வண்டியை நிறுத்தும் போலீஸ்காரரின் கை அசைவு அப்படியே வந்திருந்தது.

"எங்கம்மா போறீங்க? நெடுந்தூரம். மொகம் கழுவினு போங்க."

"அக்கா, நான் ஓட்டல. டிரைவர்தான் ஓட்டறாரு."

"அவரு கழுவிட்டாரு. நீங்க கழுவுங்க."

எஸ்.பி. தொப்பியைக் கழற்றித் தலைவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அந்தம்மாள் செம்பில் மொண்டு ஊற்றினார். பிறகு மடியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து நீட்டினார். சிவப்புக் கரை வைத்த வெள்ளைத் துண்டு. எஸ்.பி. முகத்தை அழுந்தத் துடைத்து, யோசிக்காமல் அதைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்படியே தொப்பியை வாங்கிக்கொண்டு, அந்தம்மாளின் கையை ஒரு நிமிஷம் பிடித்திருந்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

படம் எடுக்க வேண்டிய தலைவர், கையில் தொப்பி இருந்ததால் எடுக்கவில்லை. "சார், இது ரூல்ல வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரும் போர்த்தலையே. முகம் துடைச்சிட்டுத் தோளில் போட்டாங்க. துண்டு இருக்க வேண்டிய இடம் அதுதான்."

டீக்கடை அம்மாள் எங்களைக் கவனிக்கவே இல்லை. அடுத்த வேன் ஒதுங்கிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு டிரம் பக்கம் போனார்.

என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. உத்தேசித்துள்ள பாராட்டு நிகழ்ச்சியை நடத்த அனுமதி அளிக்கப்படுகிறது, சால்வை, நினைவுப் பரிசு எதுவும் வழங்கப்படக் கூடாது, நிகழ்ச்சி எஸ்.பி. தற்போதைய பொறுப்பிலிருந்து விடுபடுவதற்கு முன் நடத்தப்பட வேண்டும். துண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கவர் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள், துவாதசியன்று.