டீக்கடையில் போட்ட சத்தியம்

எகிப்தில் எங்கள் ஊரான தமன்ஹூரில் கடைக்காரரிடம் காசை நீட்டினால், "இருக்கட்டும், வேண்டாம்" என்பார். நாமும் "அதெப்படி" என்று இரண்டு மூன்று தடவை வற்புறுத்திக் கையில் திணித்துவிட்டு வருவோம். ரொட்டிக்காரர், முடிவெட்டுபவர், டாக்சிக்காரர் எல்லோரிடமும் இப்படித்தான். அவர் சொன்னதை நம்பிக் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டவன் இந்த ஊரில் பிறக்கவில்லை.

என் புருஷன் ஷவ்கியின் புத்தகத்துக்கு மட்டும் இந்த மரியாதை கிடையாது.

அவர் பாசன இலாகாவில் குமாஸ்தா. கைக்காசைப் போட்டு நாலு நாவல் அச்சடித்துவிட்டார். விற்காத பெட்டிகள் எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, பெருக்கக்கூட வழியில்லை. நாலாவது நாவல் வந்த அன்று டீக்கடைக்கு எடுத்துப்போனார். விலை கேட்டிருக்கிறார்கள். இவரும் வழக்கப்படி "இருக்கட்டும்" என்றிருக்கிறார். அவ்வளவுதான், நன்றி சொல்லி ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தன்கூட இரண்டாம் தடவை கேட்கவில்லை. புத்தகத்தின் மேலேயே டீ கிளாசை வைத்துவிட்டு டோமினோ ஆட உட்கார்ந்துவிட்டார்கள்.

இவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எழுந்து நின்று, "இனிமே நான் ஒரு வரி எழுதினா என் பொண்டாட்டி எனக்குத் தலாக்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சத்தியம் பண்ணிவிட்டு வந்தார்.

மீன் பேரம் படியாவிட்டாலும் எங்கள் ஆண்கள் வாயில் இந்தச் சத்தியம்தான் வரும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்துக்குக் காசு கொடுக்காதவன் எவனோ, வாழாவெட்டியாகப் போகிறவள் நானா? ஒரே ஆறுதல், இனி எழுத மாட்டார், கட்டிலடி காலியாகும்.

ஒரு வாரம் உம்மென்று இருந்தார். அப்புறம் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார ஆரம்பித்தார். தட்டித் திறக்கவைத்தால், கையில் கரண்ட் பில்லும் பேனாவும். பில்லின் பின்பக்கத்தில் ஒரு வரியா இருந்தது? இடமே இல்லை.

அப்படியே எங்கள் பள்ளிவாசல் ஷேக் தசூகியிடம் இழுத்துப் போனேன். மனசில் தலாக் நினைத்துச் சொன்னீர்களா என்று அவர் கேட்டார். இவர் இல்லவே இல்லை என்றார். அப்படியானால் தலாக் ஆகவில்லை, ஆனால் சத்தியத்தை மீறியதற்குப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்றார் ஷேக்.

எனக்கு உயிர் வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

"டீக்கடையில 'இருக்கட்டும்'னு சொன்னதும் மனசுல இருந்து வரல மவ்லானா. அத மட்டும் எல்லாரும் நம்பிட்டாங்க. இனிமே எழுத வேணாம்னு நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க."

ஷேக் தாடியைத் தடவினார். சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் புருஷன் பக்கம் திரும்பினார்.

"உஸ்தாத், உங்க நாலாவது நாவல்ல படகுக்காரன் ஏழு வருஷம் கழிச்சு வந்து கதவைத் தட்டுறான். அங்கயே முடிச்சிட்டீங்க. அவ திறந்தாளா, இல்லையா?"

அன்று டீக்கடையில் அந்தப் புத்தகத்தைக் காசு கொடுக்காமல் எடுத்துப்போனவர்களில் ஷேக்கும் ஒருவர்.

"அதத்தான் மவ்லானா இப்ப எழுதிட்டிருக்கேன்" என்றார் என் புருஷன். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு மலர்ந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எல்லாம் போச்சு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பத்துப் பேருக்கும் நான்தான் சமைத்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எழுதிக்கொண்டிருந்தார். வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னேன்: "அடுத்த வாட்டி கோவம் வந்தா 'பேனாவ ஒடிச்சுப் போடுறேன்'னு சத்தியம் பண்ணுங்க. என் தலைய உருட்டாதீங்க."

அவர் பதறிப்போய்ப் பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பேனாவையா? அது எப்படி முடியும்?"