உம்மு ஜலாலின் கேக்

தவ்ஜீஹி முடிவு வருகிற காலையில், ஸர்கா நகரில் கேக் செய்து விற்கும் விஜ்தான் வீட்டுக் குளிர்பெட்டியில் கேக்குகள் எல்லாம் மொட்டை வெள்ளையாக நிற்கும். மேலே பெயர் இருக்காது, ஓரத்தில் ஒரு சொட்டு சாக்லேட்கூட இருக்காது. தவ்ஜீஹி என்பது பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சை. பிள்ளை தேறிவிட்டது என்று தெரிவதற்கு முன்னால் சாக்லேட்டை ஊற்றினால் காரியம் கெட்டுப்போகும் என்று தெருவே நம்பியது; அவளும் நம்பினாள். முடிவு வந்ததும் அம்மாக்கள் போன் போடுவார்கள். தேறியிருந்தால் கேக்கின் நாலா பக்கமும் கறுப்புச் சாக்லேட் வழியும். தொண்ணூறைத் தாண்டினால் தங்க நிறம். தவறிவிட்டால் அதே கேக் அந்த வீட்டு வேறொரு பிள்ளையின் பிறந்தநாள் கேக்காக மாறி, இளஞ்சிவப்பு வழிய, சத்தமில்லாமல் போய்ச் சேரும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்தத் தெருவில் மட்டும் இத்தனை பிறந்தநாள் எப்படி வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றனவே!

இந்த வருஷம் அவளுக்குக் கையே ஓடவில்லை. பரீட்சையை அவளும் எழுதியிருந்தாள்.

நாற்பத்தொரு வயதில் ஏன் இந்த வேண்டாத வேலை என்று யாரும் கேட்கலாம். படிக்கிற வயதில், பரீட்சை நெருங்குகிற சமயத்தில் கல்யாணம் முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் எழுதாதது அப்படியே நின்றுவிட்டது. போன குளிர்காலத்தில் ஒருநாள் என்ன தோன்றியதோ, தனியாகப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். கணவனிடம் சொல்லவில்லை, அகபாவில் வேலை பார்க்கும் மகன் முஹன்னதிடமும் சொல்லவில்லை. முட்டை அடிக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் போனைச் சாய்த்து வைத்துக் கணக்குப் பாடம் பார்த்தாள். கேக் செய்முறை பார்க்கிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

எந்த வீட்டுப் பிள்ளை எதில் கோட்டை விட்டது என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இளஞ்சிவப்பு கேக்கை வாங்க வருகிற அம்மாக்களின் முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். அந்த முகத்தோடு தானும் இந்தத் தெருவில் நடமாட வேண்டி வந்தால்?

வெளியே முதல் வெடி வெடித்தது. கார் ஹாரன்கள் தொடங்கின. முடிவு வந்துவிட்டது. அவள் தன் எண்ணைப் போட்டுப் பார்க்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது என்பது ஒரு சாக்கு.

முதலில் எதிர்வீட்டு உம்மு குசை, அதாவது குசையின் அம்மா. அம்மாவை உம்மு, அப்பாவை அபூ என்று பிள்ளையின் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

"உம்மு முஹன்னத்! எங்க குசை பாஸ்! எண்பத்தெட்டே முக்கால்! தங்கத்தை ஊத்து!"

"மப்ரூக், வாழ்த்துகள்! ஆனா தங்கம் தொண்ணூறுக்கு மேலதானே, உம்மு குசை."

"அடிப் பாவி, ஒண்ணேகால் மார்க்குக்கா கணக்குப் பாக்குறே? பையன் அன்னிக்குக் காய்ச்சலோட எழுதினான். காய்ச்சலுக்கு மார்க் கிடையாதா?"

"காய்ச்சலுக்குச் சாக்லேட்தான். வேணும்னா பெயரை மட்டும் தங்கத்துல எழுதித் தரேன்."

"சரி, பெருசா எழுது. மாடியில இருக்கா பாரு என் ஓரகத்தி, அவ கண்ணுல படணும்."

அடுத்த போன் அந்த ஓரகத்தி உம்மு ராகானிடமிருந்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "அந்தக் கேக்கு... சின்னவளுக்குப் பிறந்தநாள் வருது." விஜ்தான் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இளஞ்சிவப்புக் கிண்ணத்தை எடுத்து வைத்தாள்.

சாக்லேட்டைக் க்ரீமோடு உருக்கி, ஆறவிட்டு, கண்ணாடித் தம்ளரின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். அது பாதி தூரம் இறங்கி நின்றால் பக்குவம். இன்று அந்தப் பக்குவமெல்லாம் காற்றில் போயிற்று. ஒரு கேக்கில் சூடாக ஊற்றிவிட்டாள். வழிந்தது வழிந்தபடி தட்டுவரைக்கும் ஓடிக் குளமாக நின்றது. சுரண்டி எடுத்து மறுபடி ஊற்றினாள். குசையின் கேக்கில் ராகான் என்று எழுதப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டாள். அது மட்டும் நடந்திருந்தால் அந்தக் கட்டடமே இரண்டாகியிருக்கும்.

இத்தனை குழப்பத்துக்கும் நடுவில் உம்மு ஜலால் வேறு.

யார் இந்த உம்மு ஜலால் என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை. போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்திருந்தது: ஒரு கேக், உள்ளே பிஸ்தா, பன்னீர் வாசனை வேண்டாம், பெயரை முடிவு வந்ததும் சொல்கிறேன். பன்னீர் வேண்டாம் என்று சொல்கிற ஒரு பெண்ணை ஸர்காவில் விஜ்தான் இப்போதுதான் பார்க்கிறாள். அவளுக்கே அந்த வாசனை ஆகாது. குசையின் கேக்கைத் தவிர மற்ற கேக்குகள் எல்லாம் கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் போய்விட்டன. அவள் கணவன் ஷாஹிர் தன் வேனில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். உம்மு ஜலாலின் கேக் மட்டும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. போன் போட்டால் எடுப்பாரில்லை. செய்தி அனுப்பினாள்.

"உங்க பிள்ளை பாஸா? என்ன கலர் ஊத்தட்டும்?"

பதில் நிதானமாக வந்தது. "நீங்க முதல்ல பாருங்க."

இதென்ன கூத்து! "நான் எதுக்கும்மா உங்க பிள்ளை முடிவைப் பாக்கணும்? சரி, நம்பரை அனுப்புங்க."

"நம்பர் உங்ககிட்டதான் இருக்கு."

பழைய செய்திகளை மேலும் கீழும் தேடினாள். எந்த நம்பரும் இல்லை. பைத்தியமா இவள்? அல்லது உம்மு குசைதான் தங்கம் கிடைக்காத கோபத்தில் விளையாடுகிறாளா? அப்புறம் மெல்ல ஒரு பயம் வந்தது. அவளிடம் இருக்கிற ஒரே நம்பர், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிற அவளுடைய பரீட்சை நம்பர். அது யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாதே!

அடுக்களைக் கதவைத் தாழிட்டுவிட்டு, டப்பாவைத் தூக்கி, எண்ணைப் போட்டாள். பக்கம் திறக்க வெகுநேரம் ஆனது. அரபி பாஸ். ஆங்கிலம் பாஸ். வரலாறு பாஸ், அதுவும் நல்ல மார்க். மார்க்கக் கல்வியில் எண்பதுக்கு மேல். கணக்கு: நாற்பத்து நான்கு. ஐம்பது வேண்டும்.

வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த நாற்பத்து நான்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. இத்தனை மாதம் முட்டையோடு சேர்த்து அடித்த கணக்கு இவ்வளவுதானா என்று ஒரு எரிச்சல்தான் வந்தது.

பிறகு ஆத்திரத்தோடு உம்மு ஜலாலுக்கு எழுதினாள்: "பாத்துட்டேன். கணக்குல போச்சு. சந்தோஷமா? நீ யாரு?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு போன் டிங் என்றது.

தாழைத் திறந்தாள். கேக்குகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ஷாஹிர் நின்றிருந்தான். கையில் அவன் அக்காவின் பழைய போன். ஒற்றை விரலால் ஏதோ தட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்களா உம்மு ஜலால்?"

"அது வந்து..."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"க்ரீம் வாங்கப் போறேன்னு ஒருநாள் காலையில கிளம்பினியே. பரீட்சைப் பிள்ளைங்களை ஏத்தறதுக்காகப் பெண்கள் பள்ளிக்கூட வாசல்ல வேனைப் போட்டிருந்தேன். பொண்ணுங்க கூட்டத்தோட நீயும் வெளிய வந்தே. கையில க்ரீம் இல்ல, பேனா இருந்துச்சு."

"சிரிச்சீங்களா?"

"இருக்கையில குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டேன். என்னைப் பாத்தா அடுத்த பரீட்சைக்கு நீ வரமாட்டேன்னு பயம்."

இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த வேகத்தில் முந்திக்கொண்டு கோபமும் வந்தது. விறுவிறுவென்று போய் வெள்ளைக் கேக்கை மேசைமேல் வைத்து, இளஞ்சிவப்புக் கிண்ணத்தை எடுத்தாள்.

"அதை ஏன் எடுக்குறே?"

"தவறினா இதுதான். இது நான் போட்ட சட்டம்."

"யாருக்குப் பிறந்தநாள்? உம்மு ஜலாலுக்கு வேற பிள்ளையே கிடையாதே!"

"விளையாடாதீங்க, அபூ முஹன்னத்."

"நான் எங்க விளையாடினேன்? உம்மு ஜலால் என்ன சொல்றாங்கன்னா, பாஸ் ஆனதுக்குச் சாக்லேட் ஊத்துங்க. கணக்குக்கு உண்டானதை மட்டும் விட்டு வைங்க, டிசம்பர் மறுபரீட்சையில ஊத்திக்கலாம்ங்கறாங்க. காசு கொடுத்த ஆளு. சொன்னபடி செய்யணும்ல?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் முகத்தில் கேலி இல்லை. வியர்த்திருந்தது.

இளஞ்சிவப்பைத் தள்ளி வைத்தாள். சாக்லேட்டைத் தம்ளரில் விட்டுப் பார்த்தாள். பாதி தூரம் இறங்கி நின்றது. ஊற்றினாள். கேக்கின் ஒரு பக்கத்தில் தொடங்கி, சொட்டுச் சொட்டாக வளைந்து போய், மறு பக்கத்தில் ஓரிடத்தில் நிறுத்தினாள். மிச்ச இடம் வெள்ளையாக இருந்தது. பிறகு எழுதுகிற கூம்பை எடுத்தாள். முஹன்னதின் அம்மா என்றே இத்தனை வருஷம் கூப்பிட்டுப் பழகிய தெருவில் தன் பெயரைக் கேக்கில் எழுதுவது எப்படி என்று ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் பெருசாக எழுதினாள்: விஜ்தான்.

அந்த நேரம் பார்த்து உம்மு குசை தன் கேக்கை வாங்க உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"இதென்னது, பாதியிலயே சாக்லேட் தீந்து போச்சா?"

ஷாஹிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விஜ்தான் முந்திக்கொண்டாள்.

"தீரல. நானும் தவ்ஜீஹி எழுதினேன், உம்மு குசை. கணக்குல போயிடுச்சு. அந்த இடத்தை டிசம்பர்ல ஊத்துவேன்."

உம்மு குசை கேக்கை மறுபடி ஒருமுறை பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு துண்டு வெட்டு," என்றாள். "வழிஞ்ச பக்கத்துலேர்ந்து வெட்டு. அந்த வெள்ளையைத் தொடாதே."