ஜெயராணியின் கழுத்தில் தெரிந்த ஊசி

படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வது டாக்டரின் வேலை. எக்ஸ்ரே டெக்னீஷியன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். என் சர்வீஸில் இதை நான் மீறியது ஒரே தடவை. அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது.

ஃபிலிமை டார்க் ரூமில் கழுவி எடுத்த காலம் அது. பல்லடம் ரோட்டில் எங்கள் சென்டர். ஒரு மதியம் பனியன் கம்பெனி மேனேஜர் ஒருவர், ஜெயராணி என்ற ஓவர்லாக் டெய்லரை ஜீப்பில் கூட்டி வந்தார்.

"ஏனுங்க, நேத்து இந்தம்மா மெஷின்ல ஊசி ஒடஞ்சுபோச்சுங்க. முனை எங்க தேடியும் சிக்கலீங்க. ஊசிய வாயில கவ்வற பழக்கமுங்க இதுக்கு. இப்பத் தொண்ட வலிக்குதுங்குது. முழுங்கிப்புடுச்சுங்க!"

எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த லாட் நகராது. அதுவும் குழந்தைகள் பனியன். நாலு மணிக்கு லாரி.

பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன். ஈர ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தால், தாடைக்குப் பின்னால் மெல்லிசாக, கூராக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "ஊசி!" என்று கத்திவிட்டேன்.

ஜெயராணி அழ ஆரம்பித்தார். மேனேஜரோ செல்போனை எடுத்துச் சிரித்தார். "அப்பாடா! லாரியில ஏத்துங்க. முனை நம்ம பீஸ்ல இல்லீங்க, இந்தம்மா கழுத்துலதானுங்க இருக்குது!"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உடைந்த முனை அரை இஞ்சு கூட இருக்காது. படத்தில் இருப்பது இரண்டு இஞ்சு. ஊசி கழுத்துக்குள் போய் வளருமா? மேனேஜர் கொண்டுவந்திருந்த மீதி ஊசியை வாங்கி, ஃபிலிம் போடும் கேசட்டின் ஓரத்தில் வைத்து, நேர்முகமாக இன்னொரு படம் எடுத்தேன். ஊசி சுண்ணாம்பு வெள்ளையாக விழுந்திருந்தது. கழுத்தில் இருந்தது சாம்பல் நிறம். அதுவும் இரண்டு பக்கமும்.

"ரெண்டு ஊசிங்களா?" என்றார் மேனேஜர்.

"எலும்புங்க. ஸ்டைலாய்டும்பாங்க. மண்டையோட்டுக்கு அடியில, காதுக்குக் கீழ எல்லாருக்கும் ஒரு இஞ்சு நீட்டிட்டிருக்கும். நாக்கு, தொண்டைத் தசையெல்லாம் அதுலதான் ஒட்டியிருக்குது. இவங்களுக்கு நீளமா வளந்து குத்துதுங்க."

"எனக்குமுங்களா?" என்று காதடியைத் தடவியவர், தடவிய கையோடு நின்றார். "அப்ப முனை எங்கீங்க?" பதில் அவருக்கே தெரிந்திருந்தது. லாரியை நிறுத்தச் சொல்லி போனில் கத்திக்கொண்டே ஓடினார்.

சாயங்காலம் டாக்டர் வந்து அது எலும்புதான் என்றார். தேவைப்பட்டால் வாய் வழியாகவே வெட்டிவிடலாமாம். எனக்குத் தனியாகத் திட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து போன். முனை ஒரு கைக்குழந்தை பனியனின் கழுத்துப் பட்டியில் கிடைத்துவிட்டதாம்.

ஜெயராணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா வலிக்குதும்மா?" என்றேன்.

"ஆறு மாசமா வலிக்குண்ணே. ஊசி நேத்துதான ஒடஞ்சுது? நான் முழுங்கலன்னு கம்பெனியில சொன்னேன், யாரும் கேக்கல. இங்கயும் சொல்ல வாயத் தொறந்தேன். நீங்கதான் 'பேசாத, அசையாத, மூச்சப் பிடி'ன்னுட்டீக."

அதன் பிறகு, 'என்ன செய்யுது, எப்பயிருந்து?' என்று கேட்டு, முழுப் பதிலும் வந்த பிறகுதான் யாரையும் மூச்சைப் பிடிக்கச் சொன்னேன்.