புகார் வராத போன் லைன்

நான் போன் லைன் வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. முதல் பாதி காப்பர் கம்பி இழுத்தேன். இப்போது நானே இழுத்த கம்பியை நானே கழற்றிக்கொண்டிருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே வேலைதான். பழைய லைனை எடுத்துவிட்டு, பைபர் கேபிள் இழுத்து, ரௌட்டர் வைத்து, வீட்டுப் போனை அந்த ரௌட்டரின் பின்னால் செருக வேண்டும். அதன் பிறகு போன் இன்டர்நெட்டில் பேசும். நம்பர் மட்டும் மாறாது. ஒரு வீட்டுக்கு ரெண்டு மணி நேரம், ஒரு கையெழுத்து, ஜாப் குளோஸ்.

நான் செய்த வேலை புகாராகத் திரும்பி வந்தது ரொம்பக் குறைவு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை இறக்கி வைத்தது பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூன்றாவது மாடி வீடு.

1. ரெண்டு நிமிஷம்

அது கணபதி மாஸ்டரின் வீடு. உடம்பு உருவிவிடுவது அவர் தொழில். அவருக்கும் அவர் மனைவி தனம் அக்காவுக்கும் கண் தெரியாது. முன் அறையில் உருவிவிடுகிற கட்டில், வெள்ளை விரிப்பு, தைல வாசம். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை, அதன் மேல் போன்.

அந்த பிளாட்டில் கீழே இரும்புக் கேட் எப்போதும் பூட்டியிருக்கும். வாடிக்கையாளர்கள் போன் பண்ணி நேரம் கேட்பார்கள். வந்ததும் கேட்டுக்கு வெளியே நின்று இன்னொரு தடவை பண்ணுவார்கள். மாஸ்டர் இறங்கிப் போய்த் திறப்பார். ஆக, அந்த நம்பர்தான் அவருக்குச் சோறு.

"நம்பர் மாறாதில்ல தம்பி?" என்று நான் உள்ளே போனதிலிருந்து மூன்று தடவை கேட்டார்.

"மாறாது மாஸ்டர். நான் கேரண்டி."

"தனம், லைட்டு, பேன் எல்லாம் போடு. தம்பி இருட்டுல வேலை பாக்குறாரு" என்றார்.

வேலை சுத்தமாக முடிந்தது. என் கைப்போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், அடித்தது. அவர் தம் கையால் எடுத்து "ஹலோ" என்றார். எனக்குத் திருப்தி. கிளம்புவதற்கு முன் எல்லா வீட்டிலும் சொல்லும் பாடத்தை அங்கேயும் ஒப்பித்தேன்.

"டோன் வரலைன்னா இந்த ரௌட்டர் சுவிட்சை ஆன் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் பொறுங்க மாஸ்டர். பச்சை லைட்டு எரிஞ்சா டோன் வந்துரும்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"பச்சை லைட்டை நீங்க பாத்துக்குங்க தம்பி. ரெண்டு நிமிஷத்தை நான் எண்ணிக்கிறேன்."

கை குலுக்கும்போது என் கையை விடாமல் பிடித்தபடி, "இடது தோளு பிடிச்சிருக்கே. ஒரு நாளு போன் பண்ணிட்டு வாங்க, எடுத்து விடுறேன்" என்றார்.

2. தோள்வலி

அஞ்சு வாரம் கழித்து சுபாங் ஜெயாவில் ஏணி மேல் நிற்கும்போது அந்தத் தோள் அப்படியே மாட்டிக்கொண்டது. இறங்கி வந்து மாஸ்டருக்குப் போன் போட்டேன். தொடர்பு கொள்ள முடியாது என்று பதிவு செய்த குரல் சொன்னது. சாயங்காலமும் அதே குரல். மறுநாள் காலை, மதியம், திரும்பவும் அதே.

லைன் நான் போட்டது. சும்மா இருக்க முடியவில்லை. ஆபீசுக்குப் போய் சூப்பர்வைசர் சுகுவிடம் அந்த வீட்டு லைன் ரெக்கார்டை எடுக்கச் சொன்னேன். ஸ்கிரீனை ரெண்டு தடவை பார்த்தேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு லைன் உயிரோடு வருகிறது. இருபது நிமிஷமோ அரை மணி நேரமோ இருக்கிறது. அப்புறம் மறுநாள் ஏழு மணி வரைக்கும் செத்துக் கிடக்கிறது. அஞ்சு வாரமும் இப்படியே.

"கம்ப்ளெயின் ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஜாப் குளோஸ் ஆயிருச்சு. செலாயாங்ல மூணு வீடு வெயிட் பண்ணுது லா. கஸ்டமரே கேக்கல, நீங்க எதுக்குப் போறீங்க?"

"லைன் செத்தது அவருக்குத் தெரிஞ்சாதானே கேப்பாரு" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தேன்.

3. கேட்டுக்கு வெளியே

கீழே கேட் பூட்டியிருந்தது. போன் பண்ணினேன், வழக்கமான குரல்தான். அங்கே நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. இந்த அஞ்சு வாரத்தில் எத்தனை பேர் இதே இடத்தில் என்னைப் போல நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்களோ. வெட்கத்தை விட்டு, "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தனம் அக்கா மேலிருந்து, "யாருங்க?" என்றார்.

மாஸ்டர் இறங்கி வந்து கேட்டைத் திறந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது கட்டில்தான். விரிப்பை எடுத்து, காலை மடக்கி, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அக்கா எனக்காகச் சுவிட்சுகளை வரிசையாகத் தட்டினார். லைட்டு எரிந்தது, பேன் சுற்றியது. கூடவே மூலையில் இருட்டாகக் கிடந்த ரௌட்டரும் கண் சிமிட்ட ஆரம்பித்தது.

"மாஸ்டர், போன் எப்படி இருக்கு?"

"போனுக்கு என்னா? நல்லாத்தான் இருக்கு. தெனம் ஏழு மணிக்குக் கிள்ளான்ல இருக்கிற தங்கச்சிகிட்ட பேசுறேன். நீங்க சொன்னது மாதிரியே சுவிட்சைப் போட்டு, ரெண்டு நிமிஷம் எண்ணிட்டுத்தான் எடுப்பேன்."

"பேசி முடிச்சதும்?"

"ஆப் பண்ணிருவேன். எங்க வீட்டுல வேலை முடிஞ்சா எந்தச் சுவிட்சும் ஆன்ல இருக்காது தம்பி. எது எரியுது, எது எரியலன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை அயர்ன் பாக்ஸை மறந்து மேசை கருகிப்போச்சு. அன்னையிலேருந்து இதுதான் பழக்கம்."

பழைய போனுக்குக் கரண்ட் போன் கம்பியிலேயே வரும், அதற்குச் சுவிட்சே கிடையாது. முப்பது வருஷம் அப்படிப் பழகிய மனுஷனிடம், ரௌட்டர் அணைந்தால் போன் அடிக்காது என்ற ஒரே ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. டோன் வர வழி சொன்னேன். யாராவது கூப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

"கட்டிலை ஏன் மடக்கி வச்சிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அக்காதான் பதில் சொன்னார். "ஆளே வர்றதில்ல தம்பி. அஞ்சு வாரமா ஒரு போன் இல்ல. நாளைக்குக் காலைல கட்டிலை எடுக்க லோரி வருது. வீட்டைக் காலி பண்ணிட்டு நாங்க கிள்ளானுக்கே போயிரலாம்னு இவரு முடிவு பண்ணிட்டாரு."

"யாரையும் குறை சொல்றதுக்கு இல்ல" என்றார் மாஸ்டர். "எல்லா இடத்துலயும் புதுசு புதுசா கடை வந்துருச்சு. நம்ம கை பழசாயிருச்சு, அவ்வளவுதான்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"மாஸ்டர், உங்க கைக்கு ஒண்ணும் ஆகல. தப்பு என்னுது." நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அவங்கல்லாம் கூப்பிட்டாங்களா தம்பி?"

"கூப்பிட்டிருப்பாங்க மாஸ்டர். நானே அஞ்சாறு தடவை கூப்பிட்டேன்."

"கூப்பிட்டுத்தான் இருக்காங்க, தனம்" என்று அக்கா பக்கம் திரும்பிச் சொன்னார். குரல் உடைந்துபோயிருந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் ரௌட்டரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

ரௌட்டர் பிளக்கைத் தனியாக ஒரு சாக்கெட்டுக்கு மாற்றி, அதன் சுவிட்ச் மேல் கெட்டியாக டேப் ஒட்டினேன். மாஸ்டரின் விரலைப் பிடித்து அதைத் தடவிக் காட்டினேன். "இது மட்டும் எப்பவும் ஆன்ல இருக்கணும். கரண்டு போனா போனும் போயிரும், அதனால வேன்ல இருக்கிற சின்ன பேட்டரியையும் மாட்டுறேன்." பிறகு மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம்.

முதலில் அடித்தது கடன் வேண்டுமா என்று கேட்கும் ஒரு பெண். நாமாக இருந்தால் பட்டென்று வைத்துவிடுவோம். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டு, "கடன் வேணாம்மா. நாளெல்லாம் உக்காந்து பேசுறீங்களே, கழுத்து வலிக்குதா?" என்று விசாரித்து அட்ரஸும் கொடுத்தார்.

இரண்டாவது அடித்தது ஒரு டாக்சிக்காரர். குரல் எனக்கே கேட்டது. "மாஸ்டர்! இருக்கீங்களா? ஒரு மாசமா அடிக்கிறேன் லா. கேட்டு வரைக்கும் வந்து பாத்துட்டுப் போனேன். உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன்!"

"இருக்கேன் லா, இருக்கேன்" என்று சிரித்தார் மாஸ்டர். "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

"பத்து மணிக்கு லோரி வருது" என்று அக்கா ஞாபகப்படுத்தினார்.

"வேணாம்னு சொல்லிரு" என்றபடி போனை வைத்தார். பழக்கத்தில் அவர் கை சுவிட்ச் பக்கம் போனது. டேப்பைத் தொட்டதும் நின்று, திரும்பி வந்தது. நானும் அக்காவும் கட்டிலை விரித்துப் போட்டோம்.

4. மறுநாள் போன்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டெஸ்ட் பண்ணும்போது நீங்கள் அந்த வீட்டுக்குள் இருக்கிறீர்கள். உங்களுக்காக லைட்டு எரிகிறது, எல்லாச் சுவிட்சும் ஆனில் இருக்கிறது. நீங்கள் போன பிறகு அந்த வீட்டு ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகார் பண்ணாதவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். சிலர் குறையைத் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் நான் இப்போதெல்லாம் லைன் மாற்றிய வீட்டுக்கு மறுநாள் என் கைக்காசில் ஒரு போன் பண்ணுகிறேன். சுகு இன்னும் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

அப்படி முதல் போன் பண்ணியது மாஸ்டருக்குத்தான். மறுநாள் செராஸில் ஒரு வீட்டு வாசலில் நின்று காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். எங்கேஜ்ட். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டேன். எங்கேஜ்ட். பதினோரு மணிக்கும் எங்கேஜ்ட். வலிக்கிற தோளோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த டொக் டொக் சத்தத்தை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன்.