அக்காவுக்கென்று வைத்த கூம்பு

இந்த ஊரில் முழங்கால் மாற்றிக்கொண்ட பலரை எனக்கு உள்ளே இருந்துதான் தெரியும். முகம் மறந்துவிடும், எலும்பு மறக்காது. கியாக்டடா பேட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். செயற்கை மூட்டுகள் விற்கிறோம். விற்பது என்றால் கடையில் உட்கார்ந்து விற்பதில்லை. ஆபரேஷன் அன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய், பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு, தியேட்டரின் ஓரத்தில் நின்று, டாக்டர் கேட்கும் அளவை எடுத்துக் கொடுக்க வேண்டும். டாக்டர்கள் என்னை "அக்கோ" என்பார்கள். பர்மிய மொழியில் அண்ணன். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தால் அவர்களுடைய கைராசி, சரியாக வராவிட்டால் அக்கோ கொண்டுவந்த சாமான் சரியில்லை.

முதல் தடவை மூட்டு மாற்றுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இரண்டாவது தடவைதான் வம்பு. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் தேயும். தேய்ந்த பொடி எலும்பு ஓரத்தில் இறங்கும். அதை விரட்டுகிறேன் பேர்வழி என்று உடம்பு தன் எலும்பையே கரைத்துவிடும். பழைய உலோகத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் குழி. அந்தக் குழியின் மேல் புது மூட்டை வைப்பது, ஓட்டை விழுந்த பலகைத் தரையில் அலமாரியை நிறுத்துவது போல. அதற்குத்தான் கூம்பு. புனல் மாதிரி ஓர் உலோகத் துண்டு, உடம்பெல்லாம் பொடித் துளைகள். குழிக்குள் வைத்துத் தட்டினால் இறுகிக்கொள்ளும். மிச்சமிருக்கும் எலும்பு மெல்ல மெல்ல அந்தத் துளைகளுக்குள் வளரும். மூட்டு அதன் மேல் நிற்கும்.

என் அக்காவுக்கு முழங்கால் மாற்றிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்த மூட்டையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் மச்சானும் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நாலாவது மாடியில் இருக்கிறார்கள். லிப்ட் கிடையாது. விடியும்போது மாவுச் சட்டியோடு கீழே இறங்கி, தெருமுனையில் தோசைக்கடை போடுவாள். ரயிலுக்குப் போகிற பர்மியர்கள்தான் பாதி வாடிக்கை. வலியை இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்திருக்கிறாள். ஊரில் உள்ளவர்களின் முழங்கால் எல்லாம் எனக்குத் தெரியும், சொந்த அக்கா படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவது தெரியவில்லை. இதை நினைத்தால் என்மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கெண்டைக்கால் எலும்பின் தலைப்பகுதி கரைந்துவிட்டது, சுற்றி விளிம்பு மட்டும் இருக்கிறது என்றார். அந்த விளிம்பு இருக்கும்வரை கூம்பு வைக்கலாம், கால் மடங்கும். விளிம்பும் போய்விட்டால் தொடையிலிருந்து கணுக்கால்வரை கம்பியைச் செலுத்தி நீட்டிவிட வேண்டியதுதான், பிறகு ஆயுசுக்கும் மடங்காது. சீக்கிரம் செய்யுங்கள் என்றார்.

அவளுடைய அளவுக் கூம்பு எங்கள் அலமாரியில் ஒன்றே ஒன்று இருந்தது. டாலருக்கும் பர்மிட்டுக்கும் நாயாய் அலைகிற காலம், அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அட்டைப்பெட்டியின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி "அக்கா" என்று எழுதினேன். தமிழில் எழுதினேன். சொந்தக்காரருக்கு ஒதுக்கிவைக்கிறான் என்று ஆபீசில் பேசிக்கொள்வார்களே என்ற வெட்கம். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஆபரேஷன் அன்று காலை அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, நர்ஸ் வளையல்களைக் கழற்றினாள். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு இருந்தது. காப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று, அந்த வருடத் தீமிதிக்கு வேண்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னால் கட்டியிருக்கிறாள். என்னிடம் மூச்சுவிடவில்லை. கட்டிய காப்பைத் திருவிழா முடிந்து பூசாரிதான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அறுப்பது எங்கள் குடும்பங்களில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத காரியம். தியேட்டருக்குள் கயிறு, நூல் எதுவும் போகக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். நர்ஸ் நல்ல பெண். தான்கூடப் பிக்கு கட்டிவிட்ட நூலைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே வருவதாகவும், அறுத்துத் தலையணைக்கு அடியில் வைக்கிறேன் என்றும் பர்மியத்தில் கெஞ்சினாள். அக்கா என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"இத அறுத்துப்புட்டு ஆத்தாகிட்ட நான் என்னான்னு சொல்றது தம்பி?"

நான் அதட்டியிருக்க வேண்டும். கத்தரிக்கோலை நானே வாங்கி அறுத்திருக்க வேண்டும். அதே கோயிலில் வளர்ந்தவன்தானே நானும், கை வரவில்லை. தீமிதி முடிந்தால் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா, ஊரே பூட்டிக் கிடக்கும், அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், மூன்று வாரம்தானே என்று டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

இரண்டாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டார். இன்னோர் ஆஸ்பத்திரியில் அலோன் பேட்டைக் கிழவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், முழங்காலைத் திறந்துபோட்டு மேஜைமேல் கிடக்கிறார். எக்ஸ்ரேயில் தெரிந்ததைவிடப் பெரிய குழி. கூம்பு உடனே வேண்டும். ஸ்டோர் பையன்கள் தேடிப் பார்த்து ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதன்மேல் என்னமோ கிறுக்கியிருந்தது, யாருடையது என்று தெரியவில்லை என்றார்களாம். பர்மியத்தில் எழுதியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு மனிதர் கால் திறந்து கிடக்கும்போது என்னவென்று திறப்பது? காகிதத்தை நானே உரித்தேன். டாக்ஸியில் நானே கொண்டுபோனேன். நானே பிரித்து நீட்டினேன். கூம்பு அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. டாக்டர் என்னைப் பாராட்டினார்.

ஆறு வாரத்தில் சரக்கு வரும் என்று நம்பினேன். எட்டு மாதம் ஆயிற்று. அக்கா கேட்கும்போதெல்லாம் கப்பல் வரவில்லை என்றேன். அது பொய்யில்லை, பாதி உண்மை. அவளுக்கென்று இருந்ததைத் தூக்கிக் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. ஏழாவது மாதம் படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பழைய உலோகம் சாய்ந்து, மிச்சமிருந்த விளிம்பையும் உடைத்துவிட்டது. சரக்கு வந்த வாரமே ஆபரேஷன். புதுக் கூம்புகளில் இருப்பதிலேயே பெரியதை டாக்டர் வைத்துப் பார்த்தார். பிடிக்க எலும்பு இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. எடுத்துவிட்டு நீளக் கம்பியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அக்காவுக்குக் கால் நேராக நிற்கும், உட்கார்ந்தாலும் நீட்டிக்கொண்டே இருக்கும். நாலு மாடி இறங்க முடியாது. தோசைக்கல்லை விற்றாயிற்று. காய்கறி எல்லாம் பால்கனியிலிருந்து கயிறு விட்டுத்தான் தூக்குகிறாள். வருகிற சொந்தக்காரர்கள் வேண்டுதலில் ஏதோ குறை என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. உனக்காகத்தானே காத்திருந்தேன், உனக்காகத்தானே ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன் என்று காலையில் எழுந்ததும் அம்மன் படத்தின் முன் நின்று திட்டுவாள். மச்சான் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒரு நாள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியே வைத்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் பழியைச் சாமி சுமந்துகொண்டிருந்தது, எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அந்த அலோன் கிழவரைப் பார்த்தேன். பரிசோதனைக்கு வந்திருக்கிறார். என்னைத் தாண்டி ஏறிப் போனவர், மறுநாள் வார்டில் டாக்டர் காட்டிவிட்ட ஆள் நான்தான் என்று அடையாளம் கண்டு திரும்பி வந்து, இந்தக் கால் நீங்கள் கொடுத்தது அக்கோ என்று கையைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்த மங்குஸ்தானை வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் யாரும் என்னை மனிதனாக மதிக்க மாட்டார்கள். நன்றாக நடக்கிறாரே என்ற கோபம். பஸ்ஸில் ஏறியவன் நேரே அக்கா வீட்டில் போய் இறங்கினேன். பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, ஒட்டிய காகிதம் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அக்கா நீட்டிய காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அந்தக் கெழவரு மாடி ஏறுறாரா?"

ஏறுகிறார் என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"இத ஏன்டா எங்கிட்ட சொன்ன? இத்தன நாளா சாமியத் திட்டிக்கிட்டு இருந்தேன். எவ்வளவு திட்டினாலும் அது எங்கயும் போயிராது. இனிமே ஒன்னயத்தான் திட்டணும். நீ கோவிச்சுக்கிட்டு வராம நின்னுப்புட்டா, இந்த நாலு மாடி ஏறி என்னயப் பாக்க வேற யாரு இருக்கா?"