விரல் கிறீச்சிடும்வரை

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காதோரம் கொண்டுபோய்த் தேய்க்கிறார் பாண்டிராஜ். கிறீச் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். மேலில் ஒட்டிய அலுமினியப் பொடி முடிவதில்லை. இமை முடியில், காது மடலில், நகக்கண்ணில் வெள்ளியாக மினுங்கும். விரலில் ஒட்டிய மருந்தால் மத்தியானச் சோற்றின் முதல் கவளம் கரிக்கும். மருந்தறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பழக்கத்தில் வீட்டு வாசலிலும் கை தானாகத் தாழ்ப்பாளைத் தொடும். மனைவி செல்வலட்சுமி உள்ளேயிருந்து சிரிப்பார்: "ஏங்க, நானும் வெடிச்சிருவேன்னா பயப்படுறீக?"

மகள் சினேகாவுக்கு எட்டு மாதம். பிறந்த புதிதில் ஒருமுறை அவசரமாகத் தூக்கியபோது அவள் கன்னத்தில் வெள்ளி ரேகை பதிந்துவிட்டது. துடைத்ததும் போய்விட்டது; பாண்டிராஜின் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து காது சொன்னால்தான் கை பிள்ளையிடம் போகும். ஆழ்குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து மிதக்கும். தேய்த்து முடிப்பதற்குள் பிள்ளை தூங்கியிருக்கும். பால்காரரிடம்கூடத் தாவுகிற பிள்ளை, அப்பாவைக் கண்டால் மட்டும் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்.

செல்வலட்சுமியின் தம்பி காளிராஜ், சிவகாசி வீடுகளில் தண்ணீரின் கடினம் போக்கும் சாப்டனர் மாட்டுகிறவன். மருமகள் சினேகாவின் தோல் வறண்டு தடித்திருப்பதைப் பார்த்து, ஒரு மாடி வீட்டில் கழற்றிய பழையதைக் கொண்டுவந்து பொருத்தினான். நெஞ்சுயர உருளை, பக்கத்தில் உப்புக் கரைக்க ஒரு பெரிய டப்பா.

"ஏலே மாப்ள, உப்புத்தண்ணியச் சரிபண்ண உப்பையே கொட்டுறியே?"

"உள்ள கடுகு மாதிரி இருக்க மணி சுண்ணாம்பைப் புடிச்சு வச்சுக்கிடும் மச்சான். ரொம்புனதும் உப்புக்கரைசல விட்டு அலசுனா அம்புட்டையும் கக்கிரும்."

நுரை பொங்கியது. பருப்பு பூவாக வெந்தது. பிள்ளையின் தோல் தேறியது. பாண்டிராஜுக்குத்தான் வினை. எவ்வளவு அலசினாலும் விரல் வழுக்கியது. கிறீச் சத்தம் வரவே இல்லை. மருந்து போகவில்லை என்றே நினைத்தார். துண்டைத் தோளில் போட்டு, பழைய உப்புத்தண்ணீரே வரும் தெருமுனை அடிபம்புக்குப் போக ஆரம்பித்தார். அங்கே குடத்தோடு நிற்கும் பாலம்மாள் அக்கா விடுவாரா?

"என்னலே பாண்டி, தேய்க்கிற தேய்ப்புல ரேகையே அழிஞ்சிரும் போலயே. ரேஷன் கடையில கைய வச்சா, மிசினு யாருன்னு கேக்கப்போகுது!"

காளிராஜ் தலையிலடித்துக்கொண்டான். "அந்தச் சத்தம் வந்தா அழுக்குப் போயிருச்சுன்னு யாரு மச்சான் சொன்னா? சுண்ணாம்பும் சோப்பும் சேந்து தோல்ல அப்பிக்கிட்டுக் கத்துது. நல்ல தண்ணி வழுக்கத்தான் செய்யும்."

பாண்டிராஜ் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இம்புட்டு நாளா நான் கேட்டது சுண்ணாம்பையா?"

கண்ணுக்குப் பிடிபடாததைக் காதால் காவல் காத்துவந்தவர். காதும் பொய் என்றால் எதை நம்பிப் பிள்ளையைத் தொடுவது? மறுநாளும் அடிபம்புக்குத்தான் போனார்.

நேற்று வேலை விட்டு வந்ததும் வீட்டுக் குழாயில் கழுவினார். காதோரம் தேய்த்தார். சத்தமில்லை. துண்டை எடுத்து வாசலுக்கு வந்தால், செல்வலட்சுமி பிள்ளையோடு மறித்து நிற்கிறார்.

"இன்னைக்குப் பம்புக்குப் போகக் கூடாது. இப்படியே போனா இவ உங்கள யாரோன்னு நினைச்சுருவா."

சினேகா இம்முறை முகத்தைப் புதைக்கவில்லை. சொட்டும் விரலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு எட்டினாள். பல் முளைக்கிற நேரம். எது கிடைத்தாலும் வாய்க்குத்தான்.

பாண்டிராஜ் விரலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். பிறகு அதைத் தன் வாயில் வைத்துச் சப்பி, கரிக்கிறதா என்று கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணைத் திறந்து, அந்த விரலை ஈரத்தோடே மகளிடம் நீட்டினார்.